பைய ஆடும் அணியை வெல்வது எப்படி

பிப்ரவரி 3, திங்கள்

வங்கியில் இலவசமாகக் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்கக் காலி. இன்றிலிருந்து எழுதப் போகிறேன். காரணம் முழுக்க முழுக்க விளையாட்டு சம்பந்தப்பட்டது. வீட்டில் பேச ஆள் இல்லை என்பதற்காக அல்ல.

விஷயம் இதுதான். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்துப் போட்டி அடுத்த வாரம் தொடங்குகிறது. அட்டவணை வந்துவிட்டது. தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மகளிர் கல்லூரி. இரண்டு அணியும் வேறு வேறு பிரிவு. ஆகவே இறுதிப் போட்டியில் யார் யாரோடு மோதுவார்கள் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. போன வருஷமும் இப்படித்தான். நாற்பத்தொன்றுக்கு முப்பத்து நாலு என்று தோற்றோம். அதற்கு முந்தின வருஷம் தோற்றதை எழுத மாட்டேன், மை வீண்.

மகளிர் கல்லூரி ஆடுவது கூடைப்பந்தே அல்ல என்பது என் கட்சி. பந்து கையில் வந்தால் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடந்து வருவார்கள். இங்கே கொடுப்பார்கள், அங்கே கொடுப்பார்கள், திரும்ப இங்கேயே கொடுப்பார்கள். இருபத்து நாலு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது விதி. அவர்கள் இருபது வரை கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குள் எங்கள் பெண்கள் பொறுமை இழந்து பந்தைப் பறிக்கப் பாய்வார்கள். பாய்ந்த இடம் காலி. அந்த வழியாக ஒருத்தி நடந்து போய்ப் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு வருவாள். பிறகு எல்லோரும் தங்கள் கூடைக்குக் கீழே போய் வேலி மாதிரி நின்றுகொள்வார்கள். பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள். கோப்பை அவர்களுக்குப் போகும்.

அந்த அணியின் பயிற்சியாளர், அந்தக் கல்லூரியின் பி.டி. மேடம், பேச்சியம்மாள். என் மனைவி.

என் பெயர் தணிகைவேல். அரக்கோணத்துக்காரன், எங்கள் கல்லூரியின் பி.டி. சார். பெயரில்தான் தணிகை, ஆள் தணிந்ததாகச் சரித்திரம் இல்லை. அவளுக்கும் பெயரில்தான் பேச்சு. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, யோசித்து, மீதியை அவள் சொல்வதற்குள் நான் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். ஆகையால் கல்யாணமான நாளிலிருந்து அவள் வாக்கியங்களை நானே முடித்து வைக்கிறேன். குடும்பம் என்றால் ஒருவருக்கொருவர் உதவிதானே.

பேச்சி சனிக்கிழமையிலிருந்து பேட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். வேறு ஒன்றும் இல்லை. கண்புரை ஆபரேஷனுக்கு மிக்ஸி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

சனிக்கிழமை ஒரு நல்ல செய்தி வந்தது. அதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். சென்னையில் ஒரு பெரிய கல்லூரியின் செயலாளர் என்னை போனில் கூப்பிட்டு, விளையாட்டுத் துறைத் தலைவராக வருகிறீர்களா என்று கேட்டார். நான் மனுப் போடவில்லை. என் பெயர் தானாகவே சென்னை வரை நடந்து போயிருக்கிறது.

பேச்சி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள். “எனக்கு சென்னை…” என்றாள். நிறுத்தினாள்.

“பிடிக்கும், தெரியும்!” என்றேன். “நீ கவலப்படாத. உனக்கும் அங்க ஏதாவது பாத்துத் தரச் சொல்றேன்.”

எத்தனை கணவன்மார்களுக்கு இந்தப் பெருந்தன்மை வரும்? அன்று சாயங்காலம்தான் அத்தைக்குக் கண்புரை முற்றியது.

இன்று செயலாளர் மறுபடி கூப்பிட்டார். “சார், உங்க டிஃபென்ஸ் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டோம். எதிராளிய நாப்பது பாயின்ட் தாண்ட விடமாட்டீங்களாமே.”

எங்களோடு ஆடி நாற்பது தாண்டாத எதிராளி கிடையாது. எண்பது போடுவோம், எழுபது வாங்குவோம், மூச்சு வாங்க வீட்டுக்குப் போவோம். அதுதான் என் பாணி. பெரிய மனிதர், எதையோ எதோடோ குழப்பிக்கொள்கிறார். “எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்” என்றேன்.

“மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

எங்கள் முதல்வரும் ஒரு மேடம்தான். அந்த அம்மாள் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நாளைக்கு ஒரு வணக்கம் கூடுதலாக வைக்க வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

இட்லி ஊற்றினேன். மாவு புளிக்கும் வரை யார் காத்திருப்பது? ஒன்று தவறிக் கீழே விழுந்தது. உடையவில்லை.

முதல்வருக்குக் கூடுதல் வணக்கம் வைத்தேன். “என்ன, லீவு வேணுமா?” என்றார்.

பிப்ரவரி 7, வெள்ளி

வெல்லும் வழி ஒன்று: பைய ஆடுகிறவர்களைப் பைய ஆட விடக் கூடாது. பந்தை அவர்கள் கையில் எடுத்த நொடியிலேயே, அவர்கள் கூடைக்கு அடியிலேயே போய் மறித்துக்கொள்ள வேண்டும். மைதானம் முழுக்க நெருக்கு, மூச்சு விட விடாதே.

மாற்று ஆட்டக்காரிகளை மகளிர் கல்லூரி என்று வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இதைப் பழகினோம். எங்கள் கேப்டன் ஜெபக்கனி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“சார், நாம முன்னால போயி முட்டுதோம். பின்னால ஆளு இல்லாம போயிருது. நம்ம மாத்து ஆளுவளே ரெண்டு பாஸ் குடுத்து சும்மா தாண்டிப் போவுதாளுவ. அவிய தாண்ட மாட்டாவளா?”

“இன்னும் வேகமா ஓடுங்க!” என்றேன். என் வைத்தியசாலையில் எல்லா நோய்க்கும் இந்த ஒரு மருந்துதான்.

எங்கள் அணியிலேயே உயரமான முப்பிடாதி கூடைக்குக் கீழே மல்லாந்து படுத்துவிட்டாள். “சார், என்ன இங்கனயே பொதச்சிருங்க” என்றாள்.

பிப்ரவரி 8, சனி

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். முதல் தடவையிலேயே கோத்துவிட்டார்.

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா அத்தை?”

“எந்த ஆபரேஷன் மாப்பிள?” என்றார். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, “ஆங், அதா… அது மாசிக்குப் பொறவுதான்” என்றார்.

பேச்சி காப்பி கொண்டு வந்தாள். இளைத்திருக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. நான்தான் இளைத்திருக்கிறேன், அதை அவள் பார்த்ததாகத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த சென்னை வேலை…” என்றாள். நிறுத்தினாள். சேலை நுனியை விரலில் சுற்றினாள். காத்திருந்தேன். நான் காத்திருந்ததாகத்தான் நினைக்கிறேன்.

“பதினஞ்சாம் தேதி காலைல பதில் சொல்லணும், அதானே? சரின்னு சொல்லிடலாம். நீ போட்டுக் குழப்பிக்காத” என்றேன்.

டம்ளரை வாங்கிக்கொண்டாள். அதில் பாதிக் காப்பி இருந்தது. வாசலில், “பைய போங்க” என்றாள்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் அந்தச் சொல்லால் நான் பட்ட பாடு! எங்கள் அரக்கோணத்தில் யாரும் ‘பைய’ என்று சொல்லிக் கேட்டதில்லை, மெதுவா என்போம். கல்யாணமாகி முதல் தடவை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, முன்னால் பாய்ந்த என்னைப் பார்த்துப் பேச்சி, “பைய வாங்க” என்றாள். பையை வாங்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். யாருடைய பை, எதற்கு என்று ஒரு நொடி நின்று கேட்டிருந்தால் நான் தணிகைவேல் இல்லையே. பக்கத்தில் ஒரு அம்மாள் நீட்டிக்கொண்டிருந்த பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். வீட்டில் வந்து பிரித்தால் இரண்டு கிலோ கருவாடு. அன்றைக்குப் பேச்சி சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அப்படி அவள் சிரித்து நாளாகிறது.

பிப்ரவரி 10, திங்கள்

முதல் ஆட்டம். எழுபத்தெட்டுக்கு நாற்பத்தொன்பது. ஓடிக் கிழித்துவிட்டோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மகளிர் கல்லூரி முப்பத்தாறுக்கு இருபத்தொன்று என்று ஜெயித்ததாம். கிரிக்கெட்டில் கூட இதைவிட வேகமாக ரன் வரும்.

செயலாளர் பேசினார். “பதினஞ்சாம் தேதி முடிவு சொல்லிடுங்க சார். மேடத்துகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.” நான் வேலையை விட்டுப் போனால் எங்கள் முதல்வர் தேங்காய் உடைப்பார், அவரிடம் எதற்குக் கேட்பது? இருந்தாலும், “கேட்டுட்டேன் சார், ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு” என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பயிற்சி முடிந்ததும் ஜெபக்கனி தயங்கித் தயங்கி வந்தாள்.

“சார், நீங்க ஒன்னும்…”

“ஒன்னும் கவலப்படாதீங்க, நாங்க பாத்துக்கிறோம்னு சொல்ல வர. அதானே? சபாஷ்.”

“இல்ல சார். நீங்க ஒன்னும் கத்தாம இருந்தா ஜெயிச்சிரலாம்னு சொல்ல வந்தேன்.”

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார்கள். சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்தப் பெண் இரண்டு வருஷமாகத் தோற்று, இரண்டு தடவையும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதவள். சொல்லு என்றேன்.

“அவிய பந்த வச்சிருக்கட்டும் சார். பந்து என்ன முட்டையா போடப் போவுது? நாம பாயாம, கையத் தூக்கிட்டு அவியளுக்கு முன்னால நின்னாப் போதும். இருவத்திநாலு ஆனா எறிஞ்சுதான ஆவணும்? அப்ப அவசரம் அவியளுக்குத்தான். மொதல்ல நாலு கூடைய ஓடிப் போட்டுட்டு, பொறவு நின்னுருவோம். பின்தங்கிட்டா அவிய தானா ஓட ஆரம்பிப்பாவ. அவியளுக்கு ஓட வராது.”

“இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“ரெண்டு வருசமா சொல்ல வாரேன் சார். பாதியில நீங்களே முடிச்சிருதிய. அதோட நாங்க நிக்கலாம்னு நெனச்சாலும் நீங்க வெளிய நின்னு ‘பறி, பறி’ன்னு கத்துவிய. காலு தானா போயிருது.”

பரீட்சை பண்ணிப் பார்த்தோம். நான் வாயை மூடிக்கொண்டிருந்த வரை மாற்று அணியால் ஒரு கூடை போட முடியவில்லை. பிறகு என்னை அறியாமல் “பறி!” என்று கத்திவிட்டேன். ஐந்து பேரும் பாய்ந்தார்கள். கூடை விழுந்தது. எங்கள் அணியின் ஓட்டை எது என்று இத்தனை காலமாகத் தேடியிருக்கிறேன். அதற்கு மீசை இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

பெண்கள் கூடி ஒரு தீர்வு கண்டுபிடித்திருக்கிறார்கள்: கோவில்பட்டிக் கடலை மிட்டாய். எதிரணி பந்தை வைத்திருக்கும்போதெல்லாம் நான் ஒரு துண்டை வாயில் போட்டு மெல்ல வேண்டும். வாயைத் திறந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டு “ம்ம்ம்” என்றுதான் வரும். அரையிறுதியை இப்படியே ஜெயித்தோம். மகளிர் கல்லூரியும் ஜெயித்துவிட்டது. கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமென்ட் போய்விட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

ராத்திரிச் சாப்பாடு: மிச்சமிருந்த கடலை மிட்டாய்.

வீடு அமைதியாக இருக்கிறது. பேச்சி இருக்கும்போதும் அமைதியாகத்தான் இருந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இது வேறு அமைதி. எனக்குப் பிடிக்கவில்லை. நாளை ஜெயித்தாலும் தோற்றாலும் அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள், நான் இந்தப் பக்கம் வந்துவிடுவேன். கோப்பையைக் கொண்டு வந்து யாரிடம் காட்டுவது? அவள் திரும்பி வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று ஒரு எண்ணம் வருகிறது. எழுதியாயிற்று. படுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஊர் உலகமெல்லாம் காதலர் தினம் கொண்டாடுகிறது. நான் மனைவியைத் தோற்கடிக்கக் கிளம்பினேன்.

பேச்சி நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜெபக்கனி சொன்னபடியே தொடக்கத்தில் ஓடினோம். அவர்கள் வேலி கட்டுவதற்குள் நாலு கூடை. எட்டுக்கு இரண்டு. பிறகு நின்றோம்.

அவர்கள் கோலம் போட்டார்கள். எங்கள் பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இருபது ஆயிற்று, யாரும் பாயவில்லை. இருபத்து நாலு ஆயிற்று, மணி அடித்தது, பந்து எங்களுக்கு வந்தது. மகளிர் கல்லூரிக்கு அப்படி மணி அடித்து நான் பார்த்ததே இல்லை. நான் மென்றுகொண்டே இருந்தேன்.

ஆனால் பேச்சி பேச்சிதான். இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு கூடையாக எங்களைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். அவளுடைய பெண்கள் கொஞ்சம் பதறினாலும் பெஞ்சிலிருந்து ஒரே ஒரு சொல் வரும்: “பைய.” சத்தம் கூடப் போட மாட்டாள். அவ்வளவுதான், உடனே அடங்கிவிடுவார்கள்.

கடைசியில் முப்பத்தாறுக்கு முப்பத்தைந்து. ஒரு புள்ளி நாங்கள் முன்னால். பந்து அவர்கள் கையில். இருபது நொடிதான் மிச்சம். பாக்கெட்டில் கை விட்டேன். மிட்டாய் தீர்ந்துவிட்டது.

அவர்கள் கேப்டன் சண்முகவடிவு பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசியில் புகுந்து போடுவாள் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். எங்கள் பெண்கள் நிற்கிறார்கள். ஜெபக்கனியின் கால் துடிப்பதை நான் பார்க்கிறேன். என் தொண்டை வரை ‘பறி’ வந்துவிட்டது. சண்முகவடிவு தோளைச் சாய்த்துப் புகுந்தாள், ஜெபக்கனி பாயப் போனாள், நான் எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

“பைய! பைய!”

என் பெண்களுக்குத்தான் சொன்னேன். எங்கம்மா மேல் சத்தியமாக இது தந்திரம் இல்லை. எங்கள் வீட்டில் நாள் முழுக்க என் காதில் விழுந்த சொல், வேறு சொல் வராததால் வந்துவிட்டது. ஜெபக்கனி நின்றாள். ஆனால் சண்முகவடிவும் நின்றுவிட்டாள். அந்தச் சொல்லுக்கு அடங்கியே பழகிய கால். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். மேடமா சொன்னாங்க? அவ்வளவுதான். மணி அடித்தது.

எங்கள் பெண்கள் கத்திக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். முப்பிடாதி என்னைத் தூக்கியே விட்டாள். மேலேயிருந்து பார்த்தேன். பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கருவாட்டுச் சிரிப்பு.

கோப்பை கொடுத்து முடிந்த பிறகு ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு வந்தாள்.

“நல்லா நின்னாளுவ ஒங்க பிள்ளைய” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு சென்னை…” என்றாள். நிறுத்தினாள்.

மிட்டாய் இல்லை. பெண்கள் பார்க்கிறார்கள், கையால் வாயைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. ஸ்கூட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் போயிற்று. பிடிக்கும் என்பாளா, பிடிக்காது என்பாளா, நீங்க மட்டும் போங்க என்பாளா? மூன்றையும் மனசுக்குள் முடித்துப் பார்த்தேன். மூன்றாவதை உடனே அழித்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்னொரு பஸ் போயிற்று.

“எனக்கு சென்னை வேலை மொதல்ல வந்துச்சு” என்றாள். “டிசம்பர்ல. அந்த செகரட்டரி எங்கிட்டதான் கேட்டாரு. ஒங்க அம்மா அரக்கோணத்துல தனியா இருக்காவ, நீங்களும் அந்தப் பக்கம் போவணும்னு தெனமும் பொலம்புதிய. அதான் எனக்கு வேண்டாம், எங்க வீட்டுக்காரருக்குக் குடுங்கன்னேன். ஒரு பொய்யும் சொன்னேன். அவரு டீமும் எங்கள மாதிரி டிஃபென்ஸ்தான் ஆடும்னு.”

நிறுத்தினாள். நான் காத்திருந்தேன். இந்தத் தடவை கஷ்டப்படவில்லை.

“அதச் சொல்லத்தான் அன்னைக்கு வாயத் தொறந்தேன். நீங்க எனக்கும் ஏதாவது பாத்துத் தாரேன்னிய.”

மேடம், மேடம் என்று அந்த மனிதர் எத்தனை தடவை சொன்னார். நான் போய் எங்கள் முதல்வருக்கு வணக்கம் வைத்திருக்கிறேன்.

“மன்னிச்சிடு பேச்சி” என்றேன்.

“அந்தப் பொய்யி மட்டும் இன்னைக்கு உண்மையாயிட்டு” என்றாள். ஸ்கூட்டரைக் கிளப்பினேன். “பைய போங்க” என்றாள். ஆற்றுப் பாலம் முழுக்க மாட்டுவண்டி வேகத்தில்தான் வந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் திட்டினார்கள்.

பிப்ரவரி 15, சனி

காலையில் வாசலில் ஆட்டோ சத்தம். பேச்சி இறங்கினாள், மடியில் மிக்ஸி. அத்தைக்குக் கண் சரியாகிவிட்டது போல.

சொன்னபடி செயலாளர் கூப்பிட்டார். “சார், அந்த வேலைக்குச் சரியான ஆளு மேடம்தான். நீங்க மொதல்ல கேட்டதுதான் சரி. அவங்ககிட்டயே பேசுங்க” என்று சொல்லி போனைப் பேச்சியிடம் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். நெஜமாவா என்று கண்ணாலேயே கேட்டாள். தலையாட்டினேன். போனை வாங்கி, “சார், எனக்கு…” என்றாள். நிறுத்தினாள்.

“ஹலோ? ஹலோ? லைன் கட்டாயிடுச்சா?” என்று அந்தப் பக்கம் பதறல் கேட்டது. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, “கட்டாகல சார். கொஞ்சம் பொறுங்க, வரும்” என்றேன்.

வந்தது. “எனக்கு சம்மதம் சார்” என்றாள்.

போனை வைத்துவிட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். கதவருகே நின்று திரும்பினாள்.

“நீங்க கவலப்படாதிய. ஒங்களுக்கும் அங்க ஏதாவது பாத்துத் தரச் சொல்லுதேன்.”

மேற்கொண்டு ஏதாவது வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. வாக்கியம் அவ்வளவுதான்.